நள்ளாற்று ஏடும் குடந்தை வீட்டுத் தோரணமும்

காரைக்கால் நகருக்கு மேற்கே சிறிது தொலைவில் உள்ளது திருநள்ளாறு. சனிக்கிழமைகளில் நளதீர்த்தத்தில் நீராடி, எள்விளக்கு ஏற்றி, சனிபகவானை வணங்கித் திரும்பும் பல்லாயிரவருக்கு அவ்வூர் சனி தோஷம் நீங்கும் தலம். தமிழ்ச் சமய வரலாற்றில் அவ்வூருக்கு வேறொரு முகமும் உண்டு. திருஞானசம்பந்தர் அத்தலத்து இறைவன் மீது பாடிய பதிகம் ஒன்று ‘பச்சைத் திருப்பதிகம்’ என்று பெயர் பெற்றது. மதுரையில் சமணரோடு நிகழ்ந்த அனல்வாதத்தில், சம்பந்தர் தம் ஏட்டுக்கட்டை அவிழ்த்துக் கயிறு சாத்தியபோது அப்பதிகமே வந்து உதித்தது என்றும், அவ்வேடு நெருப்பிலிடப்பட்டும் வேகாது பச்சையாகவே இருந்தது என்றும் பெரியபுராணம் கூறும். சமணர் இட்ட ஏடு சாம்பலாயிற்று. பின்னர் வையையில் நிகழ்ந்த புனல்வாதத்திலும் சமணர் ஏடு கடலை நோக்கி ஓடியது. சம்பந்தர் ஏடு நீரை எதிர்த்துச் சென்று திருவேடகத்தில் தங்கியது.

இவ்வாறாக, தமிழகச் சமணத்தின் தோல்வியைக் குறிக்கும் பெருங்கதையின் நடுவில் காரைக்கால் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்று இடம்பெற்றுவிட்டது. இக்கதையை அறியாத தமிழ் மாணவர் இலர். ஆனால் அக்கதையில் தோற்றவராகக் காட்டப்படுவோர் தம்மைப் பற்றி என்ன எழுதி வைத்தனர், அதை யார் படித்தனர், எப்படிப் படித்தனர் என்பது பலரும் கேளாத வரலாறு. அதில் வென்றவர் மரபில் பிறந்து, மறுபக்கத்து நூலைப் பொறுமையோடு படித்த பெருமக்கள் சிலர் உண்டு. அவர்களுள் தலையாயவர் காவிரிப் படுகையிலேயே வாழ்ந்தவர்.

வையையில் சமணர் இட்ட ஏட்டில் எழுதப்பட்டிருந்ததாகச் சேக்கிழார் சொல்வது ‘அத்தி நாத்தி’ என்னும் தொடர். பெரியபுராணத்தை மட்டும் படிப்பவருக்கு அது பொருளற்ற ஒலியாகவே தோன்றும். ‘உண்டு, இல்லை’ என்று ஒரே மூச்சில் உளறுவோரின் வாசகமாகவும் தோன்றக்கூடும். சமண நூல்களைப் பயின்றவருக்கோ அது சியாத்வாதத்தின் தலைவாயில். ஒரு பொருள் தன் திரவியத்தாலும் இடத்தாலும் காலத்தாலும் இயல்பாலும் நோக்க உண்டு; பிற பொருளின் திரவியம், இடம், காலம், இயல்பு ஆகியவற்றால் நோக்க இல்லை. குடம் குடமாக உண்டு, துணியாக இல்லை. எந்தக் கூற்றும் ஒரு நோக்கிலிருந்தே உண்மையாகும் என்ற அநேகாந்தக் கொள்கையின் சுருக்கம் அந்த இரண்டு சொற்கள். தன் நோக்கு ஒன்றே முழுமை என்று கொள்ளாதே என எச்சரிக்கும் தொடரையே, மறுதரப்பு தன் வெற்றிக்குச் சான்றாக ஆற்றில் மிதக்க விட்டுக் காட்டியிருப்பது வியப்புக்குரியது. சேக்கிழார் அத்தொடரைத் திரிக்காமல் பதிவு செய்தார் என்பதும் மறக்கத்தக்கதன்று. எதிர்த்தரப்பின் கலைச்சொல் அவர் காதில் விழுந்திருக்கிறது. அதன் பொருளை விரிக்க வேண்டிய கடமை மட்டும் அவருக்கு இருக்கவில்லை.

சம்பந்தர் பதிகங்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. பெரும்பாலானவற்றில் எட்டாம் பாடல் இராவணனுக்கும், ஒன்பதாம் பாடல் அடிமுடி தேடிய மாலயனுக்கும், பத்தாம் பாடல் சமண பௌத்தரைச் சாடுதற்கும் உரியவை. இந்தப் பத்தாம் பாடல்களைத் தொகுத்துப் படித்தால் சமண முனிவரைப் பற்றிய ஒரு சித்திரம் கிடைக்கும். அவர்கள் தலைமயிரைப் பறிப்பவர், உடையற்றவர், நீராடாது அழுக்கேறிய உடம்பினர், பல் துலக்காதவர், நின்றபடியே உண்பவர். இவை அனைத்தும் இகழ்ச்சியாகவே சொல்லப்பட்டுள்ளன. சைவ மரபில் வளர்ந்த வாசகர் இவற்றை வசை என்று கடந்துவிடுவார். சமண மரபில் வளர்ந்தவர் மனம் நொந்து ஏட்டை மூடிவிடுவார். இருவருமே ஒன்றைக் கவனிப்பதில்லை.

திகம்பர முனிவர் ஏற்க வேண்டிய மூலகுணங்கள் இருபத்தெட்டு. ஐந்து மாவிரதங்கள், ஐந்து சமிதிகள், ஐம்புலன் அடக்கம், ஆறு ஆவசியகங்கள் ஆகியவை போக எஞ்சியவை ஏழு. அவை கேசலோசம், உடையின்மை, நீராடாமை, தரையில் துயிலல், பல் துலக்காமை, நின்று உண்ணல், ஒருபொழுது உண்ணல். பத்தாம் பாடல்களின் வசைப்பட்டியலும் இந்த விரதப்பட்டியலும் ஏறத்தாழ ஒன்றே. பதிகம் கண்ட காட்சியில் பிழை இல்லை. முனிவர் நின்று உண்டதும் மயிர் களைந்ததும் உண்மை. காட்சிக்கு உள்ளிருந்த காரணம்தான் வெளியிலிருந்து தெரியவில்லை. கத்தியும் நாவிதனும் வேண்டாத தன்னிறைவுக்கும் உடற்பற்றைச் சோதிப்பதற்கும் கேசலோசம். நீரில் வாழும் நுண்ணுயிர்க்குத் தீங்கு நேராமைக்கு நீராடாமை. கலம் என்ற உடைமையும் இன்றி இரு கைகளையே கலமாக்குவதற்கு நின்று உண்ணல். இந்தக் காரணங்களை அறிய வேண்டுமானால் மறுதரப்பின் நூலைத் திறந்தாக வேண்டும். வேறு வழி இல்லை. திருநாவுக்கரசர் இவ்வாழ்க்கையை உள்ளிருந்தே அறிந்தவர். பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்தவர். எனினும் அவர் பாடல்கள் அங்கிருந்து மீண்ட பின் பாடியவை ஆதலால், அவற்றில் அந்நாள்கள் வருத்தத்தோடு நினைக்கப்படும் நாள்களாகவே இருக்கின்றன.

சம்பந்தர் இன்னொரு குற்றமும் சாட்டினார். சமணர் பாகதத்தை முழங்குவோர். ஆரியமும் செந்தமிழும் ஆகிய இரண்டின் பயனையும் அறியாதவர் என்பது அது. அவர் காலத்துக்குப் பின் நிகழ்ந்தவற்றை நோக்கினால் இக்குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. யாப்பிலக்கணம் கற்பவர் இன்றும் கையிலெடுப்பது அமிதசாகரரின் காரிகை. எழுத்தும் சொல்லும் கற்பவர் கையிலெடுப்பது பவணந்தி முனிவரின் நன்னூல். விருத்தப்பாவைப் பெருங்காப்பியத்துக்கு உரியதாக்கிக் கம்பருக்கு வழி செய்தவர் திருத்தக்கதேவர். தமிழ் அறியாதவர் எனப்பட்டோரின் இலக்கணத்தைக் கற்றே, அவ்வாறு சொன்னவரின் தேவாரத்தையும் பிற்காலத்தார் பொருள் கொண்டனர்.

கழுவேற்றக் கதையையும் இங்கே விடுவதற்கில்லை. வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் கழுவேறினர் என்பது பரவலாக நம்பப்படுவது. சம்பந்தர் தம் பாடல்களில் அந்நிகழ்ச்சியை வருணிக்கவில்லை. அது நம்பியாண்டார் நம்பி பாடல்களிலும் பின்னர்ச் சேக்கிழார் நூலிலும், அதாவது நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குச் சில நூற்றாண்டுகளுக்குப் பிறகே, உருப்பெறுகிறது. வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி இதனை வரலாறாகக் கொள்ள மறுத்துக் கசப்பான கட்டுக்கதை என்ற அளவிலேயே வைத்தார். கல்வெட்டும் அவ்வாறே பேசுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், சித்தன்னவாசல் குடைவரையைப் புதுப்பித்தவர் மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமர் என்னும் சமண ஆசிரியர். சம்பந்தர் காலத்துக்கு இரு நூற்றாண்டு கழித்தும் மதுரையில் சமண ஆசிரியர் இருந்தார். அவருக்குக் குடைவரையைத் திருத்தும் வலிமையும் இருந்தது. அச்சணந்தி முனிவரின் பெயர் பொறித்த பாறைச் சிற்பங்கள் மதுரையைச் சுற்றிய குன்றுகளில் இன்றும் உள்ளன. எண்ணாயிரம் என்ற எண் உண்மையாயினும் அன்றாயினும், அக்கதை கோயில் சுவர்களில் ஓவியமாகவும் விழாக்களில் நடிப்பாகவும் நிலைபெற்று, ஒரு சிறுபான்மைச் சமயத்தாரின் மக்களுக்கு அவர்தம் முன்னோரைத் தண்டனை பெற்றவராகவே காட்டி வந்தது என்பது மறுக்கவியலாத உண்மை.

பெரியபுராணம் பிறந்த கதையே இலக்கிய வாசிப்பைப் பற்றிய கதை. அநபாயச் சோழன், அதாவது இரண்டாம் குலோத்துங்கன், சீவகசிந்தாமணியை விரும்பிக் கேட்டு வந்தான் என்றும், அமைச்சராயிருந்த சேக்கிழார் அது பொய்ந்நூல் என்று எடுத்துரைத்துச் சிவனடியார் வரலாற்றின்பால் அவனைத் திருப்பினார் என்றும் சேக்கிழார் புராணம் கூறுகிறது. பொதுவாக இக்கதையை எடுத்துரைப்போர் சேக்கிழாரின் பதிலோடு நின்றுவிடுவர். ஆனால் கதையின் முதற்பாதி மேலும் சுவையானது. தில்லையைப் பொன்வேய்ந்த சைவப் பேரரசன் ஒருவன் சமணத் துறவியின் காப்பியத்தை அரண்மனையில் இன்பத்தோடு கேட்டிருந்தான் என்பதைச் சைவ நூலே ஒப்புக்கொள்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழநாட்டில் சிந்தாமணி எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அவன் அதை எப்படிப் படித்தான் என்பதே கேள்வி. சீவகன் எண்மரை மணக்கிறான். நூலுக்கு மணநூல் என்ற பெயரும் வழங்கிற்று. காமச்சுவைக்காகப் படிப்பவர் அந்த மணங்களிலேயே நின்றுவிடலாம். நூல் அங்கே நிற்கவில்லை. பதின்மூன்றாவதாகிய முத்தியிலம்பகத்தில், ஆண்குரங்கு ஒன்று தன் துணைக்குப் பலாக்கனி கொடுக்க, தோட்டக்காவலன் அவற்றை விரட்டிக் கனியைப் பறித்துக்கொள்வதைச் சீவகன் காண்கிறான். கட்டியங்காரன் தன் தந்தையிடமிருந்து பறித்த நாடும், தான் கட்டியங்காரனிடமிருந்து பறித்த நாடும் அக்கனியில் அவனுக்குத் தெரிகின்றன. அந்நொடியில் துறவு தொடங்குகிறது. எட்டு மணங்களையும் இந்தக் கனியிலிருந்து பின்னோக்கிப் படிப்பதே சமண வாசிப்பு. முன்னிருந்து படிப்பவர்க்கு இன்பநூல். பின்னிருந்து படிப்பவர்க்குத் துறவுநூல்.

இந்த வேறுபாட்டை முதலில் உணர்ந்த சமணரல்லாத பெரும் வாசகர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்றுண்டு. அவர் சிந்தாமணிக்கு எழுதிய முதல் உரையைச் சமணர் ஏற்கவில்லையாம். பின்னர் அவர் சித்தாமூருக்குச் சென்று சமண நூல்களை அவர்களிடமே கற்று, இரண்டாம் முறை உரை எழுதினாராம். செவிவழிச் செய்திதான் என்றாலும் அது தோன்றிய காரணம் விளங்கிக்கொள்ளத்தக்கது. பதினான்காம் நூற்றாண்டிலேயே, ஒரு சமூகத்தின் நூலுக்கு உரை சொல்பவர் அச்சமூகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற எண்ணம் தமிழகத்தில் இருந்திருக்கிறது.

அதன்பின் நெடுங்காலம் சிந்தாமணி பெயரளவிலேயே அறியப்பட்டது. 1868இல் பவர் பாதிரியார் நாமகளிலம்பகத்தை மட்டும் உரையோடு அச்சிட்டார். முழுநூல் ஏடுகளில் உறங்கிற்று. 1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் வியாழக்கிழமை, கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ. வே. சாமிநாதையர் சந்தித்தார். ஐயருக்கு அப்போது வயது இருபத்தைந்து. அவ்வாண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் திருவாவடுதுறை மடத்திலும் பயின்றவர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் என்று தாம் கற்றவற்றை அவர் அடுக்கிச் சொன்னார். முதலியார் அவற்றில் வியப்படையவில்லை. சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. ஏடும் கிடைத்ததில்லை. தமிழ் முழுவதும் கற்றுவிட்டதாக எண்ணியிருந்த இளம் புலவருக்கு அந்தக் கேள்வி ஒரு திருப்புமுனையாயிற்று.

முதலியார் கொடுத்த பிரதியை ஐயர் படிக்கத் தொடங்கினார். சொல்வளத்தில் அவருக்குக் குறைவில்லை, இலக்கணத்திலும் இல்லை. இருந்தும் நூல் பிடிபடவில்லை. கடவுள் வாழ்த்திலேயே ஐயங்கள் எழுந்தன. யாரை வாழ்த்துகிறது, எந்த மரபில் நின்று வாழ்த்துகிறது என்பது தெரியாமல் சொற்பொருள் மட்டும் தெரிந்து என்ன பயன்? சைவ மடத்தில் கற்ற எதுவும் அங்கே உதவவில்லை. பெரும்புலவர் ஒருவரைத் தேடிச் செல்வது அக்கால வழக்கம். ஐயர் வேறு வழியை நாடினார். கும்பகோணத்தில் சமணர் குடியிருக்கும் தெருவுக்குச் சென்றார்.

அவர் சென்ற நாளில் ஒரு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. திருமணமோ என்று எண்ணத்தக்க அலங்காரம். விசாரித்தபோது, அங்கே பல மாதங்களாக நடந்து வந்த சிந்தாமணி சிரவணம் அன்று பூர்த்தியாகிறது என்றார்கள். தமிழ்நாட்டுப் புலவர் பலரும் கண்ணாலும் காணாத நூல், அவர் பாடம் சொல்லும் கல்லூரி இருந்த அதே ஊரில், ஒரு கூடத்தில், வணிகர் குடும்பங்கள் கூடியிருந்து கேட்கும் பரமாகமமாக உயிரோடு இருந்தது. ஏடு தேடி ஊரூராக அலைந்த அவருடைய வாழ்க்கையில் இதற்கு ஈடான கண்டுபிடிப்புகள் சிலவே. அந்நூல் தொலையவே இல்லை; பெரும்பான்மையோர் அத்தெருவுக்குள் நுழைந்ததில்லை, அவ்வளவே.

அங்கே சந்திரநாத செட்டியார் முதலிய சமணப் பெருமக்களின் நட்பு அவருக்குக் கிடைத்தது. ஐயர் கேட்ட ஐயங்களுக்கு அவர்கள் விடை சொன்னார்கள். ஆகமக் கொள்கைகளையும் தீர்த்தங்கரர் வரலாறுகளையும் கலைச்சொற்களையும் விளக்கினார்கள். நாள்தோறும் இந்தப் பாடம் நடந்தது. கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் அங்கே மாணவராக அமர்ந்தார். அவருடைய ஆர்வத்தைக் கண்ட சமணர், ‘இவர் பவ்விய சீவன்’ என்று பாராட்டியதை ஐயர் தம் வரலாற்றில் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்துள்ளார். வீடுபேற்றுக்குத் தகுதியும் பக்குவமும் உள்ள உயிர் என்பது அதன் பொருள். தம் சமயத்தைச் சாராத ஒருவரைப் பாராட்ட அவர்களிடம் இருந்த மிக உயர்ந்த சொல் அது. ஐயர் தம் நெற்றியிலிருந்து திருநீற்றை அழிக்கவில்லை. அவர்களும் அதைக் கேட்கவில்லை.

காப்பியத்தில் ஓரிடம். வேள்விச் சோற்றைக் கவ்விய நாயை அந்தணர் அடித்துக் குற்றுயிராக்குகின்றனர். அவ்வழியே வந்த சீவகன் அதன் காதில் பஞ்ச நமஸ்காரத்தை ஓதுகிறான். நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனுக்கு உற்றுழி உதவுகிறது. வேள்வியைப் போற்றும் மரபில் வந்த வாசகர் ஒருவருக்கு இந்த இடம் எளிதாக இராது. தம் முன்னோர் இங்கே கோலேந்தி நிற்கிறார்கள். பத்தாம் பாடலைப் படிக்கும் சமணர் அடையும் உறுத்தலை, இந்த இடத்தைப் படிக்கும் பிறர் அடைவர். ஐயர் இப்பகுதியை விலக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. பாடத்தை உள்ளவாறே பதிப்பித்தார். 3,145 பாடல்களும் நச்சினார்க்கினியர் உரையுமாக 1887இல் நூல் வெளிவந்தது. திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் மடத்து ஏடுகளை மனமுவந்து உதவினார் என்பதைச் சைவ மரபின் பெருமையாகவே குறிப்பிட வேண்டும். சேக்கிழார் கதையில் ஒதுக்கப்பட்ட நூலைச் சைவ மடம் பாதுகாத்து வைத்திருந்தது.

அடுத்து ஐயர் எடுத்தவற்றுள் மணிமேகலை ஒன்று. அங்கேதான் வேறுபாடு தெரிந்தது. சிந்தாமணியில் ஐயம் எழுந்தால் நடந்து சென்று கேட்கத் தெரு இருந்தது. மணிமேகலையில் எழுந்த ஐயத்துக்குத் தமிழ்நாட்டில் கேட்க ஒரு பௌத்தர் இல்லை. மளூர் ரங்காசாரியார் ஆங்கிலத்தில் வெளிவந்திருந்த பௌத்த நூல்களைப் படித்து ஐயருக்குப் பொருள் கூறினார். புகாரிலும் காஞ்சியிலும் நாகையிலும் தழைத்திருந்த சமயம் ஒன்றின் சொற்களுக்கு, கடல்கடந்து சென்று திரும்பிய நூல்களிலிருந்து விளக்கம் பெற வேண்டியதாயிற்று. மணிமேகலை 1898இல் வெளிவந்தது. காரைக்காலுக்குத் தெற்கே உள்ள நாகப்பட்டினத்தில், கடலில் செல்வோர்க்கு அடையாளமாக நின்ற பௌத்தக் கோபுரத்தின் எச்சம் 1867இல்தான் இடிக்கப்பட்டது. ஸ்ரீவிசய மன்னர் எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு ராசராசன் ஆனைமங்கலத்தை அளித்த ஊர் அது. கல் இருந்த வரையிலும் அதைப் படிப்பார் இல்லை. நூலைப் படிக்க முயன்றபோது கல்லும் இல்லை, கற்றவரும் இல்லை. கும்பகோணத்திலும் கரந்தையிலும் மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் சிறு எண்ணிக்கையினராக ஊன்றி நின்ற சமணக் குடும்பங்கள் தமிழிலக்கியத்துக்குச் செய்த உதவி எத்தகையது என்பது இந்த ஒப்பீட்டில் விளங்கும்.

சிந்தாமணிப் பதிப்பு கடல் கடந்தும் சென்றது. பாரிசில் தமிழ் கற்பித்த பேராசிரியர் சூலியன் வின்சோன் பிரெஞ்சிந்தியாவில் இளமையைக் கழித்துத் தமிழ் கற்றவர். காரைக்கால் அந்நாளில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. 1739 முதல் 1954 நவம்பர் முதல் நாள் வரை, இடையிடையே ஆங்கிலேயர் கைப்பற்றிய ஆண்டுகள் நீங்கலாக, அவ்வாட்சி நீடித்தது. வின்சோன் ஐயருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதினார். பாரிசு தேசிய நூலகத்து ஏடுகளைப் பற்றித் தெரிவித்தார். 1900இல் அவர் வெளியிட்ட நூல், தமிழிலிருந்து பௌத்த, சமணக் கதைகளைப் பிரெஞ்சு வாசகருக்கு எடுத்துரைப்பது. சிந்தாமணியின் கதை அதில் இடம்பெற்றது. சோழன் கேட்ட காப்பியத்தைப் பாரிசு மாணவரும் கேட்டனர்.

இதுவரை சொன்னதைக் கொண்டு சமணர் எப்போதும் கேட்கப்படாதவராகவே இருந்தனர் என்று கொள்வதும் சரியன்று. அவர்களும் வாதத்தில் வல்லவர்கள், பிறரை மறுத்தவர்கள். நீலகேசி அதற்குச் சான்று. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் வாமன முனிவர் உரையோடு வெளியிட்ட அந்நூலைக் காரைக்கால் மக்கள் தனி உரிமையோடு படிக்கலாம். காரணம், அதன் தலைவி வந்த ஊர்.

காரைக்கால் அம்மையார் இல்லறத்தில் புனிதவதியாக வாழ்ந்து, மாங்கனி நிகழ்ச்சிக்குப் பின் கணவன் பரமதத்தன் விலகிச் செல்ல, இறைவனை வேண்டிப் பேயுருப் பெற்று, திருவாலங்காட்டில் ஆடற்பெருமானின் திருவடிக்கீழ் அமர்ந்தார் என்பர். ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழாவைக் கொண்டாடும் ஊருக்கு ஆலங்காடு அந்நியமன்று. அந்த ஆலங்காட்டை அடுத்த பழையனூரில் இருந்தவள் நீலி என்னும் பேய். பாஞ்சால நாட்டில் காளிக்குப் பலியிட வந்த மக்களை முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர் தடுத்துவிட, பலி இழந்த காளி, முனிவரை அச்சுறுத்திக் கெடுக்கும்படி இந்த நீலியின் உதவியை நாடுகிறாள். நீலி பலவாறு அச்சுறுத்துகிறாள். முனிவர் அசையவில்லை. அவள் பணிந்து அறம் கேட்கிறாள். நீலகேசி என்ற பெயரோடு வாதம் புரியப் புறப்படுகிறாள். ஒரே சுடுகாட்டு எல்லையில் இரு பேய்மகளிர். ஒருத்தி பக்தியால் பேயானவள். மற்றவள் அறம் கேட்டுப் பேய்த்தன்மை நீங்கியவள். சைவமும் சமணமும் ஒரே நிலத்தை, ஒரே அச்சத்தை, எவ்வளவு வெவ்வேறாகக் கண்டன என்பதற்கு இந்த இருவரையும் அடுத்தடுத்துப் படிப்பதைவிடச் சிறந்த பாடம் அரிது.

நீலகேசி குண்டலகேசியை வெல்கிறாள். மொக்கலனையும் புத்தரையும் எதிர்கொள்கிறாள். ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என ஒவ்வொருவரிடமும் செல்கிறாள். எல்லா வாதத்திலும் அவளே வெல்கிறாள். ஆசிரியர் சமணர் ஆதலால் வேறு முடிவு இராது. பௌத்தர் எழுதிய மணிமேகலையில் நிகண்டவாதி தோற்பது போலவே இதுவும். ஆயினும் மறுக்கும் முன் எதிராளியின் கொள்கையை எடுத்துச் சொல்லியாக வேண்டும் என்ற முறைமை அந்நூலில் உண்டு. ஆசீவகர் தமிழில் எழுதிய நூல் எதுவும் இன்று கையில் இல்லை. தமிழ்நாட்டு ஆசீவகர் என்ன நம்பினர் என்பதை அறிய விரும்புவோர் நீலகேசியின் ஆசீவகவாதச் சருக்கத்தையும் மணிமேகலையையும் சிவஞானசித்தியார் பரபக்கத்தையும் நாடுகின்றனர். மூன்றும் அவர்களை மறுத்தவர் எழுதியவை. குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியமும் முழுமையாகக் கிடைக்கவில்லை. பத்தொன்பது பாடல்களே அதன் பெயரில் இன்று அச்சில் உள்ளன. அதன் மற்றப் பாடல்கள் பலவற்றின் தொடக்கச் சொற்கள் மட்டும் ஓரிடத்தில் எஞ்சியிருக்கின்றன: அதை மறுக்க எழுந்த நீலகேசிக்கு வாமன முனிவர் எழுதிய உரையில்.